டிஷ்வாஷரில் தண்ணீர் ஏறவில்லையா? இன்லெட் வால்வைச் சோதிப்பதும் மாற்றுவதும்

பாத்திரங்களை அடுக்கிக் கதவை மூடிப் பொத்தானை அழுத்தியதும் டிஷ்வாஷர் செய்யும் முதல் வேலை தண்ணீரை எடுப்பது அன்று, அடியில் தேங்கியிருக்கும் பழைய தண்ணீரை வெளியேற்றுவது. வடிகால் பம்ப் சற்று நேரம் ஓடி நின்ற பிறகு ‘டக்’ என்று ஒரு மெல்லிய ஓசை எழும். அதைத் தொடர்ந்து குழாயில் தண்ணீர் பாயும் இரைச்சல் கேட்கும். அந்த ‘டக்’ ஓசை, தண்ணீரை உள்ளே விடும் இன்லெட் வால்வு திறக்கும் ஓசை. இரைச்சல் கேட்காமல் சில நிமிடங்கள் கழித்து இயந்திரம் பிழைக்குறியைக் காட்டி நின்றுவிட்டால், தண்ணீர் உள்ளே போகவில்லை என்று பொருள். எல்ஜி இயந்திரங்களில் இது ஐஇ என்றும், சாம்சங்கில் 4சி அல்லது 4இ என்றும், போஷ் இயந்திரங்களில் இ18 என்றும் திரையில் தெரியும்.

இந்தக் குறிகளில் எதுவும் ‘வால்வு கெட்டுவிட்டது’ என்று சொல்வதில்லை என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். எதிர்பார்த்த நேரத்துக்குள் எதிர்பார்த்த அளவு தண்ணீர் வந்து சேரவில்லை என்பதற்கு மேல் இயந்திரத்துக்கு எதுவும் தெரியாது. ஆனால் பழுது பார்க்க வருபவர்களில் பலர் குறியைப் பார்த்தவுடனே வால்வை மாற்றச் சொல்லிவிடுகிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் கடைசி மாடியில் இருக்கும் என் வீட்டில் அப்படி மாற்றப்பட்ட புதிய வால்வு, ஒரு வாரம்கூட ஆகாமல் அதே குறியைக் காட்டியது. குற்றம் வால்வில் இல்லை, மொட்டை மாடித் தொட்டிக்கும் சமையலறைக்கும் இடையே இருந்த உயரம் போதாததில் இருந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரையில் திருப்புளியைக் கையில் எடுக்கும் இடம் வெகு தாமதமாக வருகிறது.

இங்கே சொல்லப்படுபவை இந்தியா, இலங்கை, ஐரோப்பா போன்ற இடங்களில் 220 முதல் 240 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் தனித்து நிற்கும் டிஷ்வாஷர்களுக்குப் பொருந்தும். அமெரிக்காவில் விற்கப்படும் இயந்திரங்களில் வால்வு 120 வோல்ட்டில் இயங்குவது. முன்பக்கக் கால்தகட்டுக்குப் பின்னால் பொருத்தப்பட்டிருக்கும். அதைச் சோதிக்கும் முறை இதுவேயாயினும் கீழே வரும் ஓம் (மின்தடை) அளவுகள் அதற்குப் பொருந்தா.

வால்வுக்குள் நடப்பது

வால்வு எப்படித் திறந்து மூடுகிறது என்று ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதிச் சோதனைகள் தாமாகவே விளங்கிவிடும். வால்வின் நடுவில் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. அதன் ஓரத்தில் ஊசிமுனை அளவில் ஒரு துளையும், நடுவில் அதைவிடச் சற்றுப் பெரிய இன்னொரு துளையும் உண்டு. நடுத்துளையை ஒரு சிறிய இரும்புத் தண்டு ஸ்பிரிங்கின் விசையால் அழுத்தி அடைத்துக்கொண்டிருக்கும். குழாயிலிருந்து வரும் தண்ணீர் ஓரத்துளை வழியாகச் சவ்வின் மேல்புறத்துக்கும் போய் நிறைந்து, அங்கிருந்து சவ்வைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. மேல்புறத்தில் தண்ணீர் அழுத்தும் பரப்பு கீழ்ப்புறத்தில் இருப்பதைவிட அதிகமானதால் சவ்வு இறுக மூடியபடி இருக்கும். அதாவது தண்ணீரைத் தடுத்து நிறுத்துவதே அந்தத் தண்ணீரின் அழுத்தம்தான். ஸ்பிரிங் அதற்குத் துணை மட்டுமே.

தண்டைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருளான காயிலுக்கு மின்சாரம் போனதும் அது காந்தமாகித் தண்டை மேலே இழுக்கிறது. நடுத்துளை திறக்கிறது, மேல்புறத் தண்ணீர் அதன் வழியே வடிந்துவிடுகிறது, கீழிருந்து தள்ளும் அழுத்தம் சவ்வைத் தூக்கிவிடுகிறது. காயிலுக்கு இவ்வளவு சிறிய வேலையைக் கொடுத்து, பெரிய வேலையைத் தண்ணீரிடமே விட்டுவிடும் இந்த ஏற்பாடு மிகவும் புத்திசாலித்தனமானது. ஆனால் இதனாலேயே அழுத்தம் மிகக் குறைவாக உள்ள இடத்தில் வால்வு சரியாகத் திறப்பதும் இல்லை, சில வேளைகளில் சரியாக மூடுவதும் இல்லை. உப்புத்தண்ணீர் ஊர்களில் அந்த ஊசித்துளையில் சுண்ணாம்புப் படிவு ஏறினால் மேல்புறம் நிறைவதற்கு நேரமாகும், அப்போது வால்வு மூடுவதற்குப் பதிலாகச் சொட்டிக்கொண்டே இருக்கும்.

இங்கே பலர் அறியாத ஒரு செய்தியையும் சொல்லிவிட வேண்டும். டிஷ்வாஷரில் நாம் போடும் உப்பு, தண்ணீரை மென்மையாக்கும் அமைப்புக்கானது. அந்த அமைப்பு வால்வைத் தாண்டித்தான் வருகிறது. ஆகவே எவ்வளவு உப்புப் போட்டாலும் வால்வு பார்ப்பது ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ லாரியிலிருந்தோ வந்த அதே கடினத் தண்ணீரைத்தான்.

முதலில் குழாயைச் சோதிக்க வேண்டும்

இயந்திரத்தின் பிளக்கைக் கழற்றிவிட்டு, டிஷ்வாஷருக்குத் தண்ணீர் கொடுக்கும் குழாயை மூடி, அதிலிருந்து ஹோஸைத் திருகிக் கழற்ற வேண்டும். ஹோஸ் பொருந்தும் மரை பொதுவாக முக்கால் அங்குலம். கையாலேயே கழன்றுவிடும், கழலாவிட்டால் குறட்டுக்கும் மரைக்கும் இடையே ஒரு துணியைச் சுற்றித் திருகலாம். பிறகு 10 லிட்டர் வாளியைப் பிடித்துக் குழாயை முழுமையாகத் திறந்து, நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று கைப்பேசிக் கடிகாரத்தில் பார்க்க வேண்டும். நிமிடத்துக்குக் குறைந்தது 10 லிட்டர் வரத்து வேண்டும் என்று பல தயாரிப்பாளர்களின் கையேடுகள் கேட்கின்றன. வாளி நிறைய இரண்டு நிமிடம் ஆனால் வால்வைப் பற்றிப் பேசுவதற்கே இடமில்லை. குறை குழாயில் இருக்கிறது.

வாளிச் சோதனை வரத்தைச் சொல்லும், அழுத்தத்தைச் சொல்லாது. அழுத்தத்தைக் கருவி இல்லாமலேயே ஏறக்குறையக் கணக்கிடலாம். தண்ணீர் மட்டத்துக்கும் குழாய்க்கும் இடையிலான உயரத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 0.1 பார் அழுத்தம் கிடைக்கும். கடைசி மாடி வீட்டில் கூரை தரையிலிருந்து 3 மீட்டர் உயரம், தொட்டி கூரைமேல் 1 மீட்டர் மேடையில் இருக்கிறது, சமையலறைக் குழாய் தரையிலிருந்து அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், தொட்டியின் அடிமட்டம் குழாய்க்கு மூன்றரை மீட்டர் மேலே இருக்கிறது. அதாவது தொட்டி காலியாகும் தறுவாயில் 0.35 பார்தான் கிடைக்கும். நிறைந்திருக்கும்போது இன்னும் 0.1 பார் கூடலாம். பல இயந்திரங்கள் கேட்கும் குறைந்தபட்ச அழுத்தம் 0.5 பார், சிலவற்றுக்கு 0.3 பார் போதும். தங்கள் இயந்திரத்துக்குரிய எண் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். காலையில் ஒழுங்காக ஓடி, எல்லோரும் குளித்து முடித்துத் தொட்டி இறங்கிய பிறகு பிழைக்குறி காட்டும் இயந்திரம் தன் நோயைத் தானே சொல்லிவிடுகிறது. இதற்கு மருந்து புதிய வால்வு அன்று. தொட்டியை உயர்த்துவது அல்லது குழாய்வழியில் சிறிய பிரஷர் பம்ப் பொருத்துவது.

வரத்துக் குறைந்த வீடுகளில் இன்னும் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, சுவரில் உள்ள ஆங்கிள் வால்வு. பல ஆண்டுகள் தொடாமல் இருந்தால் உள்ளே படிவு ஏறிப் பாதிதான் திறக்கும். இரண்டாவது, சுண்ணாம்பு படியாமல் இருப்பதற்கென்று நாம் காசு கொடுத்து வாங்கி ஹோஸுக்கு முன்னால் மாட்டும் வடிகட்டி. அதன் உறை மண்ணால் அடைபட்டால் நன்மைக்கு மாட்டியது தண்ணீரையே மறித்துவிடும். அதைக் கழற்றி வைத்துவிட்டு ஒருமுறை இயந்திரத்தை ஓட்டிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

சல்லடை

ஹோஸ் வால்வோடு சேரும் இடத்தில், வால்வின் வாய்க்குள் விரல்நுனி அளவில் ஒரு பிளாஸ்டிக் சல்லடை உண்டு. சில இயந்திரங்களில் ஹோஸின் குழாய்ப்பக்க முனையிலும் ஒன்று இருக்கும். தொட்டியையோ சம்ப்பையோ கழுவிய மறுநாள், குழாய் பழுது பார்த்த மறுநாள், புதிதாக லாரித் தண்ணீர் இறக்கிய மறுநாள் தண்ணீர் வரவில்லை என்றால் வேறெதையும் யோசிப்பதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும். அடியில் கிடந்த வண்டலும் துருவும் கிளம்பி வந்து இந்தச் சல்லடையில் தங்கியிருக்கும்.

மூக்குக் குறட்டால் சல்லடையின் நடுவில் உள்ள சிறு காம்பைப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவ வேண்டும். வெண்படிவு கல்லாகப் பிடித்திருந்தால், வெந்நீரில் எலுமிச்சை உப்பைக் கரைத்தோ வெறும் வினிகரிலோ ஒரு மணி நேரம் ஊற வைத்துத் தேய்க்கலாம். சல்லடை கிழிந்திருந்தால் அப்படியே திருப்பி மாட்டக் கூடாது. சல்லடையே இல்லாமல் ஓட்டவும் கூடாது. ஒரு மணல் துகள் சவ்வுக்கு அடியில் சிக்கினால் வால்வு மூடாமல் போகும், சமையலறைத் தரையில்தான் அதன் விளைவு தெரியும்.

வால்வு மூடிய பெட்டியாக ஹோஸின் குழாய்ப்பக்க முனையிலேயே அமைந்திருக்கும் இயந்திரங்களும் உண்டு. ஹோஸ் தடித்துக் காணப்படும், குழாயருகே கைப்பிடி அளவு பிளாஸ்டிக் பெட்டி தொங்கும். அந்தப் பெட்டிக்குள் வால்வும், ஹோஸுக்குள் அதற்கான மின்கம்பியும் இருக்கின்றன. சல்லடையை மட்டும் கழுவலாமே தவிரப் பெட்டியைத் தண்ணீருக்குள் முக்குவதோ, நீளம் போதவில்லை என்று ஹோஸை வெட்டி ஒட்டுப்போடுவதோ உயிருக்கு ஆபத்தானது. இந்த வகையில் வால்வு மட்டும் தனியாக மாறாது, ஹோஸ் முழுவதும்தான் மாறும்.

வால்வின் தலையில் விழும் பிறர் குற்றங்கள்

தண்ணீரும் சல்லடையும் சரியாக இருந்தால் அடுத்து இயந்திரத்துக்குள் வர வேண்டும். ஆனால் வால்வுக்குப் போவதற்கு முன் நிரபராதியைத் தண்டிக்காமல் இருக்க மூன்றைப் பார்த்துவிட வேண்டும்.

இயந்திரத்தின் அடித்தட்டில் ஒரு தெர்மோகோல் மிதவை இருக்கும். எங்காவது கசிந்து அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்தால் மிதவை எழும்பி ஒரு சிறு சுவிட்சை அழுத்தும். உடனே இயந்திரம் தண்ணீர் எடுப்பதை மறுத்துவிட்டு வடிகால் பம்பை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் வராததோடு பம்பும் ஓயாமல் ஓடினால் வால்வைச் சந்தேகிக்க வேண்டியதில்லை, கசிவைத் தேட வேண்டும்.

அடுத்தது வடிகால் ஹோஸ். அதன் முனை கழுவுதொட்டியின் கீழே மிகத் தாழ்வாகச் செருகப்பட்டிருந்தால், உள்ளே வரும் தண்ணீர் வரவரத் தானாகவே வெளியே இழுபட்டுப் போய்விடும். நாம் கேட்பது தண்ணீர் பாயும் இரைச்சல், கதவைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. ஹோஸை ஓரிடத்தில் 40 செண்டிமீட்டருக்கு மேல் உயரும்படி வளைத்துக் கட்டினால் இது நின்றுவிடும். இயந்திரத்துக்குரிய சரியான உயரம் பொருத்தும் கையேட்டில் படமாகவே இருக்கும்.

மூன்றாவது, தண்ணீரை அளக்கும் சிறு சக்கரம். தண்ணீர் பாயும்போது சுழலும் இந்தச் சக்கரத்தின் சுற்றுகளை எண்ணித்தான் பல இயந்திரங்கள் எத்தனை லிட்டர் வந்தது என்று அறிகின்றன. படிவு ஏறிச் சக்கரம் நின்றுவிட்டால், உள்ளே தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், இயந்திரமோ வரவில்லை என்றே சாதிக்கும். பிழைக்குறி வந்தவுடன் கதவைத் திறந்து அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பதன் பயன் இதுதான். நின்றால் வால்வு தன் வேலையைச் செய்திருக்கிறது.

தண்ணீர் நிற்காமல் வந்தால்

இது எதிர்மறையான கோளாறு, அவசரமானதும்கூட. இயந்திரம் ஓடாதபோதும் உள்ளே தண்ணீர் மட்டம் ஏறிக்கொண்டிருந்தால் முதலில் சுவர்க் குழாயை மூட வேண்டும். பிறகு அமைதியாக ஒரு சோதனையைச் செய்யலாம். பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து உருவிவிட்டு, உள்ளே இருக்கும் தண்ணீர் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, குழாயைத் திறந்து பத்து நிமிடம் பார்க்க வேண்டும். மின்சாரமே இல்லாத நிலையிலும் தண்ணீர் ஏறினால் வால்வின் சவ்வோ தண்டோ மூடாமல் சிக்கியிருக்கிறது. வால்வை மாற்றத்தான் வேண்டும். பிளக்கை உருவியதும் தண்ணீர் நின்று, மீண்டும் செருகியதும் வரத் தொடங்கினால், வால்வுக்கு யாரோ ‘திற’ என்று கட்டளையிட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று பொருள். அந்த ‘யாரோ’ கட்டுப்பாட்டுப் பலகை. புதிய வால்வு அங்கேயும் அதே கட்டளைக்குத்தான் கீழ்ப்படியும். பலகைப் பழுது வீட்டில் செய்யும் வேலை அன்று.

இந்த ஒரு சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம், ஆனால் இரண்டு கோளாறுகளையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டும் சோதனை வேறில்லை. கடைசி மாடி வீடுகளில் மட்டும் ஒரு சிறு எச்சரிக்கை உண்டு: அழுத்தம் மிகக் குறைவாக இருந்தால் நல்ல வால்வும் மூடாமல் சொட்டலாம் என்று முன்பே பார்த்தோம்.

காயிலை அளப்பது

இப்போதுதான் மல்டிமீட்டர் தேவைப்படுகிறது. மின்சாரம் பாயும்போது வால்வின் முனைகளில் வோல்ட் அளப்பதைச் சிலர் காணொளிகளில் செய்து காட்டுகிறார்கள். தண்ணீரும் 230 வோல்ட்டும் ஒரே இடத்தில் இருக்கும் வேலை அது. பயிற்சி இல்லாதவர்கள் செய்யவே கூடாது. பிளக்கைக் கழற்றிய நிலையில் ஓம் அளப்பதே நமக்குப் போதும்.

வால்வு பெரும்பாலும் இயந்திரத்தின் பின்புறக் கீழ் மூலையில், ஹோஸ் உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் கைக்கு எட்டும். ஆனால் உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் இந்த இடத்தில் வேலையை நிறுத்திவிட்டு நிறுவனத்தை அழைப்பதே சரி. தகட்டைக் கழற்றினாலே உத்தரவாதம் மறுக்கப்படலாம். தகட்டைப் பிடித்திருக்கும் திருகுகள் பலவற்றில் நட்சத்திரத் தலை உடையவை, டி20 முனை பொருந்தும். தகடுகளின் உள்விளிம்பு கத்தியைப் போலிருக்கும் என்பதால் கையுறை அணிவது நல்லது.

வால்வின் இரண்டு முனைகளிலும் இருக்கும் இணைப்பைக் கம்பியைப் பிடித்து இழுக்காமல், பிளாஸ்டிக் உறையைப் பிடித்துக் கழற்ற வேண்டும். இணைப்பு மாட்டியிருக்கும்போதே அளந்தால் பலகையின் வழியாக வேறு பாதையும் சேர்ந்து தவறான எண் கிடைக்கும். மீட்டரை 20 கிலோ ஓம் நிலையில் வைத்து, முதலில் இரண்டு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொட்டு, பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டு, பிறகு வால்வின் இரு முனைகளிலும் வைக்க வேண்டும். 220–240 வோல்ட் வால்வுகளில் நல்ல காயில் பெரும்பாலும் 3 முதல் 5 கிலோ ஓம் வரை காட்டும். மீட்டரில் எண்ணே மாறாமல் இடதுபக்கம் ‘1’ என்றோ ‘ஓஎல்’ என்றோ நின்றால் காயில் அறுந்துவிட்டது. சில பத்து ஓம் மட்டும் காட்டினால் உள்ளே கம்பிச்சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. இரண்டிலும் வால்வு பயனற்றது.

எண் சரியாக இருந்தாலும் வால்வு நல்லது என்று உறுதியாகிவிடாது. காயில் காந்தமாகி ‘ம்ம்’ என்று முனகும் ஓசை கேட்டும், குழாயில் போதிய அழுத்தம் இருந்தும் தண்ணீர் வராவிட்டால், தண்டு படிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லது சவ்வு கெட்டுவிட்டது என்று கொள்ளலாம். முனகலே இல்லை, காயிலோ நன்றாக அளக்கிறது என்றால் கட்டளை வந்து சேரவில்லை. இணைப்புக் கம்பி, கதவுச் சுவிட்ச், பலகை ஆகியவற்றில் ஒன்றைப் பார்க்க வேண்டும். தண்ணீர் எடுக்கத் தொடங்கும் அதே நொடியில் வீட்டின் மின்கசிவு தடுப்பான் விழுந்தால், காயிலின் உறைக்குள் ஈரம் புகுந்திருக்கக்கூடும். ஓட ஓடச் சூடான பிறகு மட்டும் நின்றுபோகும் இயந்திரத்தில், குளிர்ந்திருக்கும்போது ஒட்டியும் சூட்டில் விலகியும் நிற்கும் அறுந்த காயில் இருக்கலாம். அதை ஓடி முடிந்த உடனேயே, பிளக்கைக் கழற்றிவிட்டு அளந்தால்தான் பிடிபடும்.

வால்வைப் பிரித்துச் சவ்வைக் கழுவி மாட்டலாமா என்ற கேள்வி எழுவது இயல்பே. பெரும்பாலானவை பிரிப்பதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. பிரித்துப் பூட்டியது இரவு இரண்டு மணிக்குக் கசியத் தொடங்கினால் அதைத் தடுப்பதற்கு யாரும் விழித்திருக்கப் போவதில்லை. பழைய வால்வை அறிந்துகொள்வதற்காகப் பிரித்துப் பாருங்கள், மாட்டாதீர்கள்.

வாங்கும்போது

உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் இந்த இடத்தில் வேலையை நிறுத்திவிட்டு நிறுவனத்தை அழைப்பதே சரி. தகட்டைக் கழற்றினாலே உத்தரவாதம் மறுக்கப்படலாம். கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணை முழுவதும், கடைசிக் கோட்டுக்குப் பின் வரும் எழுத்துகளையும் சேர்த்து எழுதிக்கொண்டு போக வேண்டும். கடைகளில் வாஷிங் மெஷினுக்கென்று விற்கும் பொதுவான வால்வும் பார்ப்பதற்கு ஒன்றாகவே இருக்கும். வோல்ட், வெளிவாய்களின் எண்ணிக்கை, வாய் நேராகவா செங்குத்தாகவா திரும்புகிறது என்பவை மூன்றும் ஒத்துப்போனாலும் நான்காவதாக ஒன்று உண்டு: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் விடும் என்பது. அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் வரத்தை ஒரே அளவில் வைக்கும் சிறு ரப்பர் வளையம் வால்வுக்குள் இருக்கிறது. நேரத்தை வைத்துத் தண்ணீர் எடுக்கும் இயந்திரத்தில் இந்த அளவு மாறினால் தண்ணீர் கூடியோ குறைந்தோ போகும். உரிய வால்வையே வாங்குவது நல்லது. கூடவே ஹோஸ் வாஷர் ஒன்றும், ஹோஸைப் பிடிக்கும் கிளிப் ஒன்றும் வாங்கிவிட வேண்டும்.

மாற்றும் வேலை

பிளக் கழன்றிருக்கிறதா, சுவர்க் குழாய் மூடியிருக்கிறதா என்று மறுபடியும் பார்த்துக்கொண்ட பிறகு தொடங்கலாம். உள்ளே தண்ணீர் நின்றால் கோப்பையாலும் துணியாலும் எடுத்துவிட வேண்டும். இயந்திரத்தைக் காலி செய்யாமல் சாய்க்கவோ படுக்க வைக்கவோ கூடாது. உப்புப் பாத்திரத்திலும் அடிக்குழியிலும் இருக்கும் தண்ணீர் மின்பாகங்களின் மேல் வடியும். தரையில் பழைய போர்வையை விரித்து, இருவர் சேர்ந்து முன்னால் இழுத்தால் தரை ஓடுகளிலும் கீறல் விழாது.

உள்வரும் ஹோஸை இயந்திரத்தின் பக்கத்திலும் கழற்றி, அதில் நிற்கும் தண்ணீரை வாளியில் விட வேண்டும். பக்கத்தகட்டை எடுத்ததும், எதையும் தொடுவதற்கு முன் இரண்டு மூன்று கோணங்களில் படம் எடுத்துக்கொள்வது பின்னால் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும். மின் இணைப்பைக் கழற்றிய பின், வால்விலிருந்து உள்ளே போகும் ரப்பர் குழாயின் கிளிப்பைக் குறட்டால் நெருக்கி, குழாயின்மேல் பின்னுக்குத் தள்ள வேண்டும். சிலவற்றில் ஒருமுறை மட்டும் நெருக்கக்கூடிய தகரக் கிளிப் இருக்கும். அதை வெட்டித்தான் எடுக்க முடியும், பதிலுக்குத் திருகுக் கிளிப் போட வேண்டும். பழைய ரப்பர் பிளாஸ்டிக்கோடு ஒட்டியிருக்கும் என்பதால் நேராக இழுக்காமல் முதலில் இடவலமாகத் திருகி அசைத்து இழுக்க வேண்டும். குழாயில் வெடிப்புத் தெரிந்தால் அதையும் மாற்றிவிடுவதே சரி. வால்வு தன் இடத்தில் ஓரிரு திருகுகளாலோ, அழுத்திச் சுழற்றும் ஒரு நாக்காலோ பிடிக்கப்பட்டிருக்கும். எந்த வகை என்று பார்த்துவிட்டுக் கை வைக்க வேண்டும், வலுவாக நெம்பினால் உடைவது வால்வாக இருக்காது, அதைத் தாங்கும் அடித்தட்டாக இருக்கும்.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு புதியதைப் பொருத்த வேண்டும். ரப்பர் குழாய் ஏற மறுத்தால் முனையில் தண்ணீர் தடவலாம். எண்ணெய் தடவக் கூடாது, அது ரப்பரை ஊதச் செய்யும். கிளிப்பைக் குழாயில் பழைய தடம் பதிந்த இடத்திலேயே வைத்து, மின் இணைப்பை ‘டக்’ என்று உட்காரும்வரை செருக வேண்டும். கம்பிகள் ஹோஸ்மீதோ தகட்டின் விளிம்பிலோ உரசாதபடி பழைய பிடிப்புகளிலேயே மாட்ட வேண்டும்.

வெளி ஹோஸைப் புதிய வாஷரோடு திருகும்போது முதல் இரண்டு சுற்றுகளைக் கையால் மட்டுமே சுற்ற வேண்டும். கோணலாக ஏறினால் உடனே கைக்குத் தெரியும். குறடு பிடித்தால் தெரியாது, பிளாஸ்டிக் மரை அழிந்துவிடும். கையால் இறுகிய பிறகு குறட்டால் கால் சுற்றுப் போதும். இந்த இணைப்பில் நம் பிளம்பர்கள் பழக்கத்தால் டெஃப்ளான் டேப் சுற்றிவிடுவது உண்டு. இங்கே தண்ணீரைத் தடுப்பது மரை அன்று, வாஷர். டேப் சுற்றினால் மரை முன்கூட்டியே இறுகி வாஷர் சரியாக அழுந்தாமல் போகும்.

ஓட்டிப் பார்ப்பது

பிளக்கைச் செருகாமல், சுவர்க் குழாயை மட்டும் மெதுவாகத் திறக்க வேண்டும். திடீரெனத் திறந்தால் ஹோஸில் இருக்கும் காற்றும் தண்ணீரும் சேர்ந்து இணைப்பை அறையும். பத்து நிமிடம் கழித்து, இணைப்புகளைச் சுற்றி ஒரு மென்தாளை ஒற்றிப் பார்க்க வேண்டும்; விரலுக்குத் தெரியாத ஈரம் தாளில் தெரிந்துவிடும். இதே நேரத்தில் இயந்திரத்தின் உள்ளே தண்ணீர் ஏறாமல் இருந்தால் புதிய வால்வு ஒழுங்காக மூடுகிறது என்பதும் உறுதியாகிறது.

வால்வுக்கு அப்பால் உள்ள ரப்பர் குழாயில் இதுவரை தண்ணீர் போகவில்லை என்பதால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். அடித்தட்டில் வால்வுக்கு நேர் கீழே ஓர் உலர்ந்த மென்தாளை மிதவையில் படாமல் வைத்து, பக்கத்தகட்டை முழுவதும் மூடித் திருகிய பிறகுதான் பிளக்கைச் செருகலாம். மிகக் குறுகிய அலசும் நிரலைப் பாத்திரங்கள் இல்லாமல் ஓட்டினால் போதும். வடிகால் பம்ப் ஓய்ந்ததும் ‘டக்’ ஓசையும் அதன்பின் சீரான இரைச்சலும் கேட்க வேண்டும். இரைச்சல் நின்ற நொடியில் சுவருக்குள் ‘தொம்’ என்று குழாய் அதிர்ந்தால், பிரஷர் பம்ப் உள்ள வீடுகளில் அழுத்தம் அதிகமாக இருக்கிறது. ஆங்கிள் வால்வைச் சற்றுக் குறைத்து வைக்கலாம், ஆனால் வாளிச் சோதனை கேட்கும் அளவுக்குக் கீழே போய்விடக் கூடாது.

நிரல் முடிந்ததும் பிளக்கை உருவி, தகட்டைத் திறந்து தாளை எடுத்துப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் கிளிப்பை இன்னும் சற்று முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்தி மீண்டும் ஓட்ட வேண்டும். உலர்ந்திருந்தால் தகட்டை மூடி, இயந்திரத்தை உள்ளே தள்ளலாம். தள்ளும்போது ஒருவர் பக்கத்து அலமாரி வழியாகக் கையை விட்டு இரண்டு ஹோஸ்களையும் பிடித்துக்கொள்ள வேண்டும். சுவரோடு நசுங்கி மடிந்த ஹோஸ் மறுநாள் காலையிலேயே அதே பிழைக்குறியைக் காட்டும்.